கேலக்ஸிக்கும் வயசாகும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் இந்தப் பகுதியில் பியாட்ரிஸ் டின்ஸ்லியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். 1941-இல் இங்கிலாந்தில் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து, நாற்பதே வயதில் இறந்துபோன வானியற்பியலாளர். கேலக்ஸிகள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர். அவரை அரைப் பக்கத்தில் அடைத்தது தப்பு என்று வந்த கடிதங்களைப் படித்ததும் புரிந்தது. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அவருக்கே. பாடநூல் 'விண்மீன் திரள்' என்று சொல்வதை நான் கேலக்ஸி என்றே எழுதுகிறேன். முப்பது வருடம் வகுப்பில் அப்படியே சொல்லிப் பழகிய வாய்.

நூலகர் ஒருவர், கரூர்: நட்சத்திரத்துக்கு வயசாகும், சரி. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டத்துக்கு எப்படி வயசாகும்? அதைத் தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் வயசாவது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு நட்சத்திரம் எத்தனை காலம் இருக்கும் என்பது அதன் நிறையைப் பொறுத்தது. சூரியனைப் போல இருபது மடங்கு கனமான நட்சத்திரம் சுமார் ஒரு கோடி ஆண்டில் எரிந்து தீர்ந்துவிடும். சூரியனுக்கு ஏறத்தாழ 1000 கோடி ஆண்டு. சூரியனில் பாதி நிறை உள்ளவை பிரபஞ்சம் பிறந்த நாளிலேயே பிறந்திருந்தாலும் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1380 கோடி ஆண்டுதான்.

கனமான நட்சத்திரங்கள் நீல நிறமாக, மிகப் பிரகாசமாக எரியும். ஆகவே நட்சத்திரங்கள் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும் கேலக்ஸி நீலம் கலந்து தெரியும். பிறப்பு நின்றுபோனால் முதலில் நீலம் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது சிறியவையும், வயதாகி வீங்கிச் சிவந்த ராட்சத நட்சத்திரங்களும். நிறம் சிவப்புப் பக்கம் சாயும், மொத்த வெளிச்சமும் மெல்லக் குறையும். கேலக்ஸிக்கு வயசாவது இதுதான்.

இப்போது இரண்டாவது பாதி. தொலைவில் உள்ள கேலக்ஸியில் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. எல்லா வெளிச்சமும் கலந்து ஒரு புள்ளியாக வந்து சேரும். என் அம்மா தெருவில் நடந்து வரும்போதே, "யார் வீட்லயோ வெந்தயம் கருகிடுச்சு" என்பார். அந்த வீட்டுச் சட்டியை அவர் பார்த்ததில்லை. ஆயிரம் தடவை குழம்பு வைத்தவருக்கு எந்தப் பொருள் எவ்வளவு நேரம் கிடந்தால் என்ன வாசனை வரும் என்று தெரியும், அவ்வளவுதான்.

டின்ஸ்லி கணினிக்குள் அந்தக் குழம்பை வைத்துப் பார்த்தார். வெறும் வாயுவில் தொடங்குவார். இத்தனை காலத்தில் இவ்வளவு வாயு நட்சத்திரமாகிறது. அதில் பெரியவை எத்தனை, சிறியவை எத்தனை (இந்த விகிதத்தை 1955-இல் சால்பீட்டர் என்பவர் கணித்திருந்தார்). ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் இருக்கும், என்ன நிறத்தில் எரியும், சாகும்போது எவ்வளவு வாயுவையும் புதுத் தனிமங்களையும் திருப்பித் தரும். அந்த வாயுவிலிருந்து அடுத்த தலைமுறை எப்படிப் பிறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லா வெளிச்சத்தையும் கூட்டி, இந்த வயதில் இந்த கேலக்ஸி இந்த நிறத்தில் தெரியும் என்று எழுதிக்கொள்வார். பிறகு வானத்தில் உள்ள நிஜ கேலக்ஸிகளோடு ஒப்பிடுவார். பொருந்தவில்லை என்றால் பக்குவத்தை மாற்றி மறுபடியும் முதலிலிருந்து.

இந்தத் துண்டுகள் எல்லாம் தனித்தனியாக முன்பே இருந்தவைதான். நட்சத்திரத்தின் வாழ்க்கையை ஒருவர் கணக்கிடுவார், வாயுவை இன்னொருவர் பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கோத்து, ஒரு கேலக்ஸியைப் பிறப்பிலிருந்து இன்றுவரை ஓடவிட்டது இவருடைய வேலை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1966-இல் எழுதி முடித்த முனைவர் பட்ட ஆய்வு அது. அப்போது அவருக்கு வயது 25. அதன் சாரம் 1968-இல் கட்டுரையாக வெளிவந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர், சேலம்: பெரிய வானியலாளரான ஆலன் சாண்டேஜோடு அவருக்குக் கருத்து மோதல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்ன தகராறு அது?

அந்த ஒரு வரியை எழுதும்போதே எனக்கு மனசு உறுத்தியது. விரிவாகவே சொல்கிறேன்.

பிரபஞ்சம் விரிகிறது என்று அளந்து காட்டிய எட்வின் ஹப்பிள் 1953-இல் இறந்த பிறகு, பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது, அந்த வேகம் எவ்வளவு குறைந்துவருகிறது என்று அளக்கும் வேலையைக் கையில் எடுத்தவர் சாண்டேஜ். பலோமர் மலையில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கி அன்றைக்கு உலகத்தின் தலைசிறந்த கருவிகளில் ஒன்று. வேகம் போதிய அளவு குறைந்தால் பிரபஞ்சம் ஒரு நாள் நின்று திரும்பிச் சுருங்கும். குறையாவிட்டால் என்றைக்கும் விரிந்துகொண்டே போகும். இதில் எது என்பதுதான் கேள்வி.

தூரத்தை அளக்க அவர் எடுத்துக்கொண்ட விளக்கு, கேலக்ஸிக் கூட்டங்களில் உள்ள மிகப் பிரகாசமான நீள்வட்ட கேலக்ஸி. ராத்திரி நெடுஞ்சாலையில் தெருவிளக்குகளைப் பார்க்கிறீர்கள். எல்லாமே ஒரே வாட் பல்பு என்று தெரிந்தால், மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருப்பது என்று சொல்லிவிடலாம். எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஒரே வாட் என்பதுதான் அந்த அளவீட்டுக்கு அடிப்படை. அதை வைத்துப் பார்த்தபோது, பிரபஞ்சம் சுருங்கும் பக்கமே முடிவு சாய்ந்தது.

டின்ஸ்லி கேட்டது இதுதான்: 500 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள கேலக்ஸியிலிருந்து இன்றைக்கு நம்மிடம் வரும் வெளிச்சம் 500 கோடி ஆண்டுக்கு முன் கிளம்பியது. அப்போது அது இளமையாக இருந்தது. இளமையில் இன்னும் பிரகாசமாக இருந்திருக்குமே? அவருடைய கணக்குப்படி அந்த கேலக்ஸிகள் ஒவ்வொரு 100 கோடி ஆண்டுக்கும் சில சதவீதம் மங்கிக்கொண்டே வருகின்றன. கேட்பதற்குச் சின்ன அளவு. ஆனால் சுருங்கும் பிரபஞ்சத்துக்கும் விரியும் பிரபஞ்சத்துக்கும் இடையில் தெரிய வேண்டிய வித்தியாசத்தை விழுங்கிவிட அதுவே போதும். உண்மையில் பிரகாசமாக இருந்த கேலக்ஸியை, பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிடுவோம். அந்தத் தப்பு முழுவதும் 'வேகம் குறைகிறது' என்ற பக்கமே போய்ச் சேரும். பிரபஞ்சத்தின் தலையெழுத்தை அளக்கிறோம் என்று நினைத்து, கேலக்ஸிகளின் முதுமையை அளந்துகொண்டிருந்தார்கள்.

1972-இல் இதைக் கணக்கோடு கட்டுரையாக வெளியிட்டார். ஹப்பிளின் வாரிசு என்று எல்லோரும் மதித்த ஒருவரின் பல வருட உழைப்பின் அடித்தளத்தை, நிரந்தர வேலைகூட இல்லாத முப்பத்தொரு வயதுப் பெண் அசைத்துப் பார்த்தார். சாண்டேஜ் எளிதில் ஏற்கவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான். நீள்வட்ட கேலக்ஸியைத் தூரத்து விளக்காக எடுக்கும் எவரும் அதற்கு அப்புறம் முதுமைத் திருத்தம் போடாமல் நகர முடியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். 1974-இல் ரிச்சர்ட் காட், ஜேம்ஸ் கன், டேவிட் ஷ்ராம் ஆகியோரோடு சேர்ந்து, பிரபஞ்சத்தைத் திரும்பச் சுருக்கத் தேவையான பொருளில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் கண்ணுக்கும் கணக்குக்கும் அகப்படுகிறது, ஆகவே அது விரிந்துகொண்டே போகும் என்று எழுதினார். அடுத்த வருடம் கன்னுடன் சேர்ந்து, விரிவின் வேகம் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டேகூட இருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். அதை நிரூபிக்கும் அளவுக்கு அன்றைய அளவீடுகள் போதவில்லை. 1998-இல் சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை) வைத்து இரண்டு குழுக்கள், வேகம் கூடுகிறது என்று கண்டுபிடித்தன. 2011-இல் அதற்கு நோபல் கிடைத்தது. டின்ஸ்லியின் 1975 கட்டுரையை நான் முதன்முதலில் படித்தது 1998-க்குப் பிறகுதான். நூலகத்தில் அந்த ஒளிநகலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்: கல்யாணமாகி, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு எப்படி அம்மா படித்தார்? உதவி இருந்ததா?

இங்கிலாந்தில் செஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். போர் முடிந்ததும் குடும்பம் நியூசிலாந்துக்குப் போய்விட்டது. அப்பா பாதிரியார், பின்னாளில் நியூ பிளைமவுத் நகரத்தின் மேயராகவும் இருந்தார். அங்கே கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார், வயலினும் நன்றாக வாசிப்பார். படிக்கும்போதே பிரையன் டின்ஸ்லி என்ற இயற்பியலாளரைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை கிடையாது என்ற விதி அதற்கு அப்புறம்தான் அவருக்குத் தெரிய வந்தது.

1963-இல் கணவருக்கு அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் வேலை கிடைத்து இருவரும் போனார்கள். அங்கே இவருக்கு ஆராய்ச்சி செய்ய இடம் இல்லை. வானியல் துறை இருந்தது ஆஸ்டினில். 1964-இல் அங்கே சேர்ந்து வாரந்தோறும் போய் வந்தார். தூரம் 300 கிலோமீட்டருக்கு மேல். நம் கணக்கில் சொன்னால் திருச்சியிலிருந்து சென்னை.

அந்தத் தூரம் எனக்குத் தெரியும். திருச்சியில் கல்லூரி விரிவுரையாளராக இருந்துகொண்டு சென்னையில் பகுதிநேர ஆய்வு செய்தேன். மாதம் இரண்டு தடவை வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை முடித்துவிட்டு ராத்திரி பஸ். கிராஃப் தாள்கள் மடங்கக் கூடாது என்று ஒரு அட்டையில் கிளிப் போட்டு மஞ்சப்பையில் வைத்து, பையை மடியிலேயே வைத்திருப்பேன். விழுப்புரத்தில் பஸ் நிற்கும்போது மணி இரண்டோ இரண்டரையோ இருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு, அந்த டீக்கடை ட்யூப்லைட் வெளிச்சத்தில் அன்றைக்கு நெறியாளரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொள்வேன். மகனை மாமியார் பார்த்துக்கொண்டார். ஞாயிறு ராத்திரி திரும்பும்போது அவன் தூங்கியிருப்பான். விடுப்புக் கடிதத்தை நீட்டியபோது ஒரு மேலதிகாரி, "பிஎச்.டி. முடிச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு ஐந்தரை வருடம் ஆனது. டின்ஸ்லி மூன்று வருடத்துக்குள் முடித்தார். அதுவும் அப்படி ஒரு ஆய்வை. ஆசிரியையான நீங்கள் கேட்டதால் இதைச் சொல்லத் தோன்றியது: உங்கள் வகுப்பில் கணக்கு நன்றாகப் போடும் ஒரு பெண் இருந்தால், அவளுடைய வீட்டில் போய் ஒரு தடவை பேசுங்கள். எனக்காக என் மாமியாரிடம் அப்படிப் பேசியவர் என் பத்தாம் வகுப்பு டீச்சர்.

இல்லத்தரசி, ஈரோடு: குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாராமே. நீங்கள் அதைப் பாராட்டுகிறீர்களா?

கோபமாக எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நடந்ததைச் சொல்கிறேன். டல்லாஸில் இருந்தபோது இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். அந்த வருடங்களிலும் அவர் கட்டுரை எழுதிக்கொண்டேதான் இருந்தார், ஆனால் நிலையான வேலை கிடைக்கவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் வானியல் துறையை எப்படி அமைக்கலாம் என்று திட்டம் வகுத்துக் கொடுத்தார். அதன் தலைமைப் பொறுப்புக்கு விண்ணப்பித்தார். பதிலே வரவில்லை. 1974-இல் திருமண வாழ்க்கை முறிந்தது. குழந்தைகள் அப்பாவிடம் வளர, அவர் முதலில் கலிஃபோர்னியாவுக்கும் 1975-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கும் போனார்.

பாராட்டு என்ற சொல் அங்கே பொருந்தாது. அது யாருக்கும் சந்தோஷமான முடிவு அல்ல, அவருக்கும்தான். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவர் கேட்ட வேலையை டல்லாஸ் கொடுத்திருந்தால் அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்திருக்காது. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஒரு மாமியார் இருந்தார், அதனால் நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

ப்ளஸ் டூ மாணவர், பட்டுக்கோட்டை: நம் பால்வீதியும் பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவும் மோதும்போது சூரியன் வேறு நட்சத்திரத்தோடு மோதிவிடுமா?

மோதாது தம்பி. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள இடம் அவ்வளவு பெரியது. இரண்டு கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். மோதிக்கொள்வது வாயு. வாயு நெருங்கி அழுந்தினால் புது நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கும். இதற்கு நல்ல ஆதாரம் காட்டியவர்களில் டின்ஸ்லி ஒருவர். 1978-இல் ரிச்சர்ட் லார்சனும் அவரும், ஹால்டன் ஆர்ப் தொகுத்திருந்த கோணல்மாணலான கேலக்ஸிகளின் நிறங்களையும் சாதாரண கேலக்ஸிகளின் நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சாதாரணமானவை ஒழுங்காக ஒரு கோட்டில் வந்தன. மோதி உருக்குலைந்தவை கோட்டைவிட்டுச் சிதறின. அந்தச் சிதறலுக்கு, அண்மையில் திடீரென்று நட்சத்திரங்கள் பிறந்திருக்க வேண்டும் என்பதுதான் பொருந்தும் விளக்கம். ஆண்ட்ரோமெடா மோதுவதே நிச்சயம் என்று முன்பு சொல்லிவந்தோம். 2025-இல் வந்த ஒரு ஆய்வு, அடுத்த 1000 கோடி ஆண்டில் அதற்கான வாய்ப்பு சரிபாதிதான் என்கிறது.

மென்பொருள் துறையில் இருப்பவர், பெங்களூரு: ஐம்பது வருடத்துக்கு முந்தைய கணினி மாதிரிகள் இன்றைக்கு யாருக்குப் பயன்படும்? உங்களுக்குப் பிடித்தவர் என்பதற்காக உயர்த்திச் சொல்கிறீர்களோ?

நேர்மையான கேள்வி. அவர் பயன்படுத்திய எண்களில் பெரும்பாலானவை இன்றைக்கு மாறிவிட்டன. நட்சத்திர ஆயுள், நிறமாலை, சூப்பர்நோவா கணக்கு எல்லாம் பலமுறை திருத்தப்பட்டவை. அவர் போட்ட பாதை மட்டும் மாறவில்லை. நீங்கள் மென்பொருளில் இருப்பதால் இப்படிச் சொல்கிறேன்: உள்ளே இருந்த நிரல் ஒவ்வொன்றும் மாற்றி எழுதப்பட்டுவிட்டது, ஆனால் கட்டமைப்பு அவருடையது. இன்று உலகம் முழுவதும் புழங்கும் புரூசுவல்-ஷார்லோ மாதிரி (2003) போன்றவை அந்தப் பரம்பரையில் வந்தவைதான்.

ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியைக் கண்டார்கள். பெருவெடிப்பு நடந்து 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தில் இருந்தது அது. படத்தில் பார்த்தால் ஒரு சிவந்த பொட்டு. ஆனால் செய்தியில், சூரியனைப் போல சில பத்து கோடி மடங்கு நிறையுள்ள நட்சத்திரங்கள் அதில் இருக்கின்றன என்று வந்தது. யார் எண்ணினார்கள்? யாரும் எண்ணவில்லை. அந்தப் பொட்டின் வெளிச்சத்தைப் பல அலைநீளங்களில் அளந்து, எந்த வயதில், எந்தக் கலவையில் நட்சத்திரங்கள் இருந்தால் இந்த வெளிச்சம் வரும் என்று கணினியில் சமைத்துப் பார்த்துப் பொருத்தினார்கள். கருகிய வெந்தயக் கணக்குதான். செய்தித்தாளில் ஒரு கேலக்ஸியின் நிறையோ வயதோ வந்தால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த முறை இருக்கிறது.

அதே கேலக்ஸியில் ஆக்சிஜன் இருப்பதை 2025-இல் சிலி நாட்டில் உள்ள ஆல்மா தொலைநோக்கிகள் கண்டுபிடித்தன. இங்கேயும் டின்ஸ்லி வருகிறார். ஆக்சிஜனைச் செய்பவை பெரிய நட்சத்திரங்கள். அவை சீக்கிரம் வெடிப்பதால் ஆக்சிஜன் சீக்கிரம் வந்துவிடும். இரும்பில் பெரும்பங்கு வெண்குள்ளன்கள் (சூரியன் மாதிரி நட்சத்திரங்கள் எரிந்து தீர்ந்த பின் மிஞ்சும் அடர்ந்த உருண்டைகள்) வெடிக்கும்போது வருகிறது. வெண்குள்ளனின் நிறைக்கு வரம்பு உண்டு என்று சொன்னவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர். அந்த வரம்பு சூரியனைப் போல 1.4 மடங்கு. ஒரு நட்சத்திரம் வெண்குள்ளனாகி, துணை நட்சத்திரத்தோடு சேர்ந்து, வெடிக்கும் நிலைக்கு வர நெடுங்காலம் ஆகும். ஆகவே இரும்பு தாமதமாக வரும். ஒரு நட்சத்திரத்தில் இரும்போடு ஒப்பிட ஆக்சிஜன் அதிகமாக இருந்தால், அது இரும்பு வந்து சேர்வதற்கு முன்பே பிறந்தது. பால்வீதியின் முதிய நட்சத்திரங்களில் இப்படித்தான் இருக்கிறது. தனிமங்களின் இந்த விகிதத்தைக் கடிகாரமாகப் படிக்கலாம் என்று 1979 கட்டுரையில் டின்ஸ்லி தெளிவாகக் காட்டினார். இன்றைக்கு லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் நிறமாலையை எடுத்து பால்வீதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கையில் கட்டியிருப்பது அந்தக் கடிகாரம்தான்.

1977-இல் லார்சனோடு சேர்ந்து யேலில் ஒரு மாநாடு நடத்தினார். தொலைநோக்கியில் பார்ப்பவர்களையும் தாளில் கணக்குப் போடுபவர்களையும் ஒரே கூரையின் கீழ் கூட்டி, கேலக்ஸிப் பரிணாமம் தனி ஆய்வுத்துறையாக நிமிர்ந்த இடம் என்று அதைச் சொல்வார்கள். 1980-இல் அதுவரை தெரிந்தது அத்தனையையும் ஒழுங்குபடுத்தி ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினார். நான் மாணவியாக இருந்தபோது எங்கள் துறையில் அதன் ஒளிநகல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதல் சமன்பாட்டுப் பக்கம் கை பட்டுக் கை பட்டு மங்கிப்போய், யாரோ பேனாவால் எழுத்துகளுக்கு மேலேயே மறுபடி எழுதியிருந்தார்கள். இன்றும் புதுக் கட்டுரைகளில் 'டின்ஸ்லி 1980' என்ற குறிப்பு வந்துகொண்டே இருக்கிறது.

கல்லூரி மாணவி, கோவை: எங்கள் ஊரில் பிறந்த ப்ரியம்வதா நடராஜனும் யேலில்தானே இருக்கிறார்?

ஆமாம், டின்ஸ்லி இருந்த அதே வானியல் துறையில் பேராசிரியர். தொடக்ககாலக் கருந்துளைகள் எப்படி இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிதாயின என்பது அவர் விடாமல் துரத்தும் கேள்விகளில் ஒன்று. நட்சத்திரம் செத்துத்தான் கருந்துளை ஆக வேண்டும் என்பதில்லை, வாயு நேரடியாகச் சரிந்தே பெரிய கருந்துளை பிறக்கலாம் என்பது அவரும் மற்றவர்களும் வளர்த்த கருத்து. அப்படிப் பிறந்திருந்தால், அந்தக் கருந்துளை தன் கேலக்ஸியின் நட்சத்திரங்களுக்குச் சமமான நிறையோடு இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 2023-இல் யுஎச்இசட்1 என்ற கேலக்ஸியில் அப்படி ஒன்று தென்பட்டது. அதில் நட்சத்திரங்களின் நிறை எவ்வளவு என்று தெரிந்தால்தானே ஒப்பிட முடியும்? அதை அளக்கும் முறை எங்கிருந்து வந்தது என்று மேலே எழுதிவிட்டேன்.

வாசகர், மன்னார்குடி: நோபல் பரிசு கிடைத்ததா?

இல்லை. 1974-இல் ஆனி ஜம்ப் கேனன் விருது கிடைத்தது. 1978-இல் யேலின் முதல் பெண் வானியல் பேராசிரியர் ஆனார். இறந்த பிறகு அமெரிக்க வானியல் கழகம் அவர் பெயரில் ஒரு பரிசு ஏற்படுத்தியது. 1986-இல் அதை முதலில் பெற்றவர் பல்சாரைக் கண்டுபிடித்த ஜோசலின் பெல் பர்னல். நியூசிலாந்தில் ஒரு மலைக்கும் அவர் பெயர் உண்டு.

வாசகி, புதுச்சேரி: கடைசிக் கட்டுரையை இடது கையால் எழுதினார் என்று எங்கோ படித்தேன். நிஜமா?

நிஜம். பேராசிரியரான அதே 1978-இல் அவருக்குத் தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் மாணவர்களைப் பார்த்தார், கட்டுரை எழுதினார். கடைசி மாதங்களை யேல் மருத்துவமனையில் கழித்தார். வலது கை செயலிழந்தபோது இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். நம் சூரியனைச் சுற்றியுள்ள பகுதியில் தனிமங்கள் எப்படிச் சேர்ந்தன என்பதைப் பற்றிய கட்டுரை அது. சமன்பாடுகள் நிறைந்தது. அதை அனுப்பிப் பத்து நாளில், 1981 மார்ச் 23 அன்று இறந்தார். இதழ் அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் நவம்பரில் அச்சிட்டது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் இடது கையால் அந்தக் கட்டுரையின் ஒரு சமன்பாட்டை எழுதிப் பார்த்தேன். ஒரு வரி முடிக்க நாலு நிமிடம் ஆனது. தொகைக் குறி மூன்று தடவை சாய்ந்து விழுந்தது.

விவசாயி, தென்காசி: தொலைநோக்கி இல்லாமல் ஒரு கேலக்ஸியையாவது என் பேத்திக்குக் காட்ட முடியுமா?

முடியும் ஐயா. உங்கள் ஊர் இருட்டு அதற்கு ரொம்ப நல்லது. ஆண்ட்ரோமெடாவைக் காட்டுங்கள், 25 லட்சம் ஒளியாண்டு தூரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் விடாது. மார்கழி கடைசி, தை முதலில் அமாவாசையை ஒட்டி ஒரு நாள் பாருங்கள். ராத்திரி ஏழரை மணிக்கு வடமேற்குப் பார்த்து நில்லுங்கள். வடக்குப் பக்கம் சற்றுத் தாழ்வாக ஐந்து நட்சத்திரங்கள் கோணலாக மடங்கி நிற்கும், அது காசியோபியா. அதில் இரண்டு முனைகளில் கூர்மையாக இருக்கும் முனை எந்தப் பக்கம் நீட்டுகிறதோ, அந்தப் பக்கம், இடது மேலாக, கண்ணை நகர்த்துங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நட்டநடுவில் ஒரு சின்னப் புகைத் திட்டு தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பைனாகுலர் கிடைத்தால் அதன் நீளமும், நடுவில் தடித்து ஓரத்தில் தேய்ந்து போவதும் தெரியும். நடுவில் இருப்பவை பெரும்பாலும் முதிய நட்சத்திரங்கள், இளையவை சுற்றியுள்ள வட்டில். நிறம் நம் கண்ணுக்குத் தெரியாது என்று பேத்தியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தில் பார்த்ததைத் தேடி ஏமாந்துவிடும். வெளியே வந்து இருபது நிமிடமாவது கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். வாசல் லைட்டை அணைத்துவிட்டு, செல்போனை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.